ஒரு கரை, பல முதுமை

தூத்துக்குடி மாவட்டத்தில் வயதானவர்களைத் தாங்கிப் பிடிப்பது யார்? மகனா, மகளா, மாதா கோயிலா, ஜமாஅத்தா, திருச்செந்தூர் முருகனா? தாலுகா அலுவலகம் கேட்காத கேள்விகள் சில.

"பையன் இருக்கானா?"

முதியோர் பென்ஷனுக்கு மனு எழுதிக்கொண்டு போகிறவர்களை வி.ஏ.ஓ. அலுவலகத்தில் முதலில் எதிர்கொள்வது பெரும்பாலும் இந்தக் கேள்விதான். இருக்கிறான் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் பாதி மனு அங்கேயே படுத்துவிடும். திட்டம் ஆதரவற்ற முதியவர்களுக்கானது. ஆதரவு இருக்கிறதா இல்லையா என்று அளக்க அலுவலகங்களுக்குக் கிடைத்த சுலபமான அளவுகோல், வளர்ந்த மகன்.

1962-ல், காமராஜர் முதல்வராக இருந்தபோது, மாதம் 20 ரூபாயில் தொடங்கிய திட்டம் இது. 2011-ல் ஆயிரமானது. 2023 ஆகஸ்டிலிருந்து 1,200. அதில் டெல்லியின் பங்கு 79 வயது வரை 200 ரூபாய், 80-ஐத் தொட்டால் 500. மீதியைக் கோட்டை தருகிறது. தொகை சிறிது என்பதை எல்லோரும் சொல்லியாயிற்று, நான் அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. என் சண்டை அந்தக் கேள்வியோடுதான். தூத்துக்குடி மாவட்டத்தில் வேம்பாரிலிருந்து பெரியதாழை வரை கரையோரமாகப் போய், அப்படியே கோவில்பட்டி கரிசலுக்கு ஏறிப் பாருங்கள். ஊருக்கு ஊர் அந்தக் கேள்விக்குப் பொருளே மாறிவிடும்.

வீடு மகளுக்கு

முதலில் காயல்பட்டினம். இந்த ஊரில் வீடு மகளுக்குப் போகும். கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவர வேண்டும். இரண்டு பெண் இருந்தால் இரண்டு வீடு கட்ட வேண்டும், அல்லது இருக்கிற வீட்டைப் பிரித்து மாடி எழுப்ப வேண்டும். கொழும்பிலும் ஹாங்காங்கிலும் வளைகுடாவிலும் சம்பாதித்த காசெல்லாம் கடைசியில் பெண்மக்களின் வீட்டுச் சுவராகத்தான் நிற்கும். இந்த ஊர் முஸ்லிம்கள் ஷாஃபி மத்ஹபைச் சேர்ந்தவர்கள். கடல் வாணிகத்தில் அரபு நாடுகளோடும் இலங்கையோடும் கேரளக் கரையோடும் பலநூறு ஆண்டு உறவு உள்ளவர்கள். மாப்பிள்ளை பெண் வீட்டில் வாழும் வழக்கத்தைக் கீழக்கரையிலும் மலபாரிலும் இலங்கையின் கிழக்குக் கரையிலும் பார்க்கலாம்.

இதன் பலன் வயதான காலத்தில் தெரியும். ஒரு பெண் பிறந்த வீட்டிலேயே வாழ்ந்து, அங்கேயே பிள்ளை பெற்று, அங்கேயே கிழவியாகிறாள். அடுப்படி அவளுடையது, அண்டை வீட்டுக்காரிகள் சின்ன வயதுத் தோழிகள். பெண்கள் தெருவில் இறங்காமல் வீடு விட்டு வீடு போக முடுக்குகள் உண்டு. மருமகளை அண்டிப் பிழைக்கும் மாமியாரின் கதையைத் தமிழ் சினிமா எத்தனை முறை எடுத்திருக்கிறது! காயல்பட்டினத்து உம்மம்மாவுக்கு அந்தக் கதை அந்நியம்.

ஆனால் மூன்று பிள்ளைகளும் ஆணாகப் பிறந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். மூவரும் மூன்று மாமியார் வீடுகளில் இருப்பார்கள். பணம் அனுப்புவார்கள், வந்து பார்ப்பார்கள், அதில் குறை இருக்காது. இருந்தாலும் இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் தண்ணீர் எடுத்துக்கொடுக்க ஆள் இல்லை. "பையன் இருக்கானா?" என்று கேட்டால் மூன்று பேர் என்றுதான் பதில் வரும். வேறு எந்த ஊரிலும் பாதுகாப்பைக் குறிக்கும் அந்த எண்ணிக்கை இங்கே தனிமையைக் குறிக்கலாம். ஆண்களின் நிலை இன்னும் நுட்பமானது. மனைவி இறந்த பிறகு முதியவர் வாழ்வது மகளின் பெயரிலுள்ள வீட்டில். தன் பெயரில் ஒரு செங்கலும் இல்லாதவர் அவர். அவரைச் சொத்தில்லாத ஏழை என்று எழுதுவதா, வசதியான வீட்டுப் பெரியவர் என்று எழுதுவதா?

2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் இதே குழப்பத்தில்தான் நிற்கிறது. கவனித்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையின் பேரில் சொத்தை எழுதிக் கொடுத்து, பிறகு கைவிடப்பட்டால், அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யச் சொல்லிக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கல்யாணத்தன்று மகளுக்கு வீட்டை எழுதிவைக்கும் ஊரில் யார் பத்திரத்தில் நிபந்தனை எழுதுவார்கள்? வழக்கமே நிபந்தனை என்றல்லவா அவர்கள் நம்பியிருக்கிறார்கள்!

தாமிரபரணிக்கு மேலே ஏறினால் ஸ்ரீவைகுண்டம். அங்கே இன்னொரு விசித்திரம். கோட்டைப் பிள்ளைமார் என்ற சிறு சமூகம் மண்கோட்டைக்குள் வாழ்ந்தது, பெண்கள் கோட்டையை விட்டு வெளியே வருவதே இல்லை. கமலா கணேஷ் இவர்களைப் பற்றி எழுதிய ஆய்வு நூல் 1993-ல் வெளிவந்தது. அதற்கு முன்பே கோட்டை வாழ்க்கை கலைந்துவிட்டது. சுவருக்குள்ளேயே வாழ்ந்த ஆச்சிகள் பிள்ளைகளோடு நகரத்து வீடுகளுக்குப் போனபோது, ரேஷன் கடையில் வரிசையில் நிற்பதும் வங்கியில் கையெழுத்துப் போடுவதும் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

கடல் தந்த காது

பரதவர்களுடையது வேறு கணக்கு. 1530-களில் போர்த்துகீசியரின் காலத்தில் கத்தோலிக்கம் தழுவி, 1542-ல் சவேரியார் வந்து நிலைப்படுத்திய சமூகம். பர்னாந்து, மோத்தா, மிராந்தா, ரொட்ரிகோ என்று பெயர்கள் கடல் தாண்டி வந்தவை, பேச்சும் மீன்குழம்பும் இந்தக் கரைக்கே உரியவை. மன்னார் வளைகுடாவில் அரசு கடைசியாக முத்துக்குளிப்பு நடத்தியது 1961-ல். அப்போது மூச்சடக்கிக் கடலடிக்குப் போன இளைஞர்களில் உயிரோடு இருப்பவர்கள் இன்று 80-ஐத் தாண்டியவர்கள். அதன் பிறகு சங்குகுளிதான். திரேஸ்புரத்தில் இன்றும் சங்குக்கு மூழ்குகிறார்கள். இத்தொழில் முதலில் காவு வாங்குவது காதை. ஆழத்தின் அழுத்தம் செவிப்பறையைக் கிழிக்கும், சீழ் வைக்கும், ஐம்பது வயதுக்குள் பாதி கேட்காது. காது கேட்காத முதியவரிடம் கவுன்ட்டருக்குப் பின்னாலிருந்து கேள்வி கேட்டால் அவர் சிரித்துவிட்டுத் தலையாட்டுவார். தலையாட்டியதை ஆமாம் என்று எழுதிக்கொள்வார்கள்.

மீனவர்களுக்கு நல வாரியம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்துக்குக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணமும் உண்டு. எல்லாம் கடலுக்குப் போகிறவரை மையமாக வைத்தவை. கடலுக்குப் போக முடியாமல் கரையில் வலைக் கிழிசல் தைத்துக்கொண்டிருக்கும் கிழவர் அந்தக் கணக்கில் எங்கே வருகிறார்? பழைய முறையில் அவருக்கு இடம் இருந்தது. படகு கரைக்கு வந்ததும் பங்கு பிரிப்பார்கள். வள்ளத்துக்கு, வலைக்கு, உழைத்தவனுக்கு என்று பிரித்தது போகக் கோயிலுக்கு ஒரு பங்கு, வந்து நிற்கும் முதியவர்களுக்கும் விதவைகளுக்கும் கையில் நாலு மீன். யாரும் பிச்சை என்று நினைத்ததில்லை. விசைப்படகும் ஏலக்கடையும் ஏற்றுமதிக் கம்பெனியும் வந்த பிறகு மீன் கரையைத் தொடும் முன்பே விலையாகிவிடுகிறது. நாலு மீனைக் கொடுக்க இன்று யாருக்கு உரிமை?

பெண்கள் கதைக்கு வருவோம். கணவன் கடலோடு போனாலும் போகாவிட்டாலும் மீன் விற்பது அவர்கள் பாடு. எழுபது வயதிலும் கூடையோடு பஸ் ஏறுகிறார்கள். 2021-ல் அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இலவசமானது, மகராசி அரசு என்று வாழ்த்தினார்கள். அந்த வருடம் டிசம்பரிலேயே, குமரி மாவட்டத்தின் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வந்த ஒரு மூதாட்டியை நாற்றம் என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் அழுத வீடியோ ஊரெல்லாம் பரவியது, முதல்வர் கண்டித்தார், ஊழியர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். பயணம் இலவசம், உத்தரவு தெளிவு, பேருந்தும் வந்தது. ஆனாலும் அந்தக் கிழவி நடந்துதான் போக வேண்டியிருந்தது. ஒரு சமூகத்தின் வாசனையை இன்னொரு சமூகம் எப்படி எடுத்துக்கொள்கிறது என்பது அரசாணையில் வராத விஷயம். சமூக சேவை அங்கேதான் வெல்கிறது அல்லது தோற்கிறது.

பரதவர்களுக்கும் நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம் பக்கத்துப் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களுக்கும் ஒரு சௌகரியம் உண்டு. ஞானஸ்நானப் பதிவேடு. பிறந்த தேதி, தாய் தந்தை பெயர், ஞானப்பெற்றோர் பெயர் என்று கோயில் அலுவலகத்தில் மை மங்கிய எழுத்தில் இருக்கும். 60 ஆகிவிட்டது என்று காட்ட அவர்களிடம் ஒரு தாள் இருக்கிறது. உப்பளத்தில் பிறந்து உப்பளத்தில் வளர்ந்தவர்களிடம் அதுகூட இல்லை. "அந்தப் பெரிய புயலுக்கு முந்தின வருஷம்" என்பதுதான் அவர்களின் பிறந்த தேதி. ஆதார் எடுக்க வந்தவர் முகத்தைப் பார்த்து ஒரு வருடத்தை எழுதினார். அந்த ஊகத்தில் நான்கு வருடம் குறைந்தால் பென்ஷனும் நான்கு வருடம் தள்ளிப்போகும்.

ஒரே தெரு, மூன்று பென்ஷன்

தூத்துக்குடி நகரத்துக்குள் வாருங்கள். பக்கத்துப் பக்கத்து வீட்டில் மூன்று முதியவர்கள் இருக்கக்கூடும். ஒருவர் 1974-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அகவிலைப்படியோடு பென்ஷன், துறைமுக மருத்துவமனை, எல்லாம் உண்டு. இரண்டாமவர் மில் தொழிலாளி. 1908-ல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் நின்று நடத்திய கோரல் மில் வேலைநிறுத்தம் இந்த ஊரின் பெருமை. மில் தொழிலாளியின் பி.எஃப். பென்ஷனுக்கு 2014-லிருந்து குறைந்தபட்சத் தொகை 1,000 ரூபாய். ஆமாம், எதுவுமே இல்லாதவருக்கு அரசு தரும் 1,200-ஐவிட 200 குறைவு. முப்பது வருடம் சந்தா கட்டியவரின் பரிசு! வருமானம் இருக்கிறது என்று சொல்லி முதியோர் பென்ஷன் மனுவையும் மறுக்க முடியும்.

மூன்றாமவர் அளத்து வேலைக்காரி. குஜராத்துக்கு அடுத்தபடியாக இந்தியாவில் அதிகம் உப்பு விளைவது தூத்துக்குடியைச் சுற்றி. ராஜம் கிருஷ்ணன் 1979-ல் 'கரிப்பு மணிகள்' நாவலில் எழுதிய உலகம் அது. விடியும் முன் பாத்தியில் இறங்கி, வெள்ளைப் பரப்பில் கண்கூச உப்பு வாரி, தலையில் சுமந்து அம்பாரம் ஏற்றுவார்கள். காலில் ஆறாத புண், கண்ணில் பார்வைக்குறை, விரலில் ரேகை இல்லை. கடைசியாகச் சொன்னதுதான் இந்தக் காலத்தின் பெரிய சிக்கல். ரேஷனுக்கும் பென்ஷனுக்கும் மிஷினில் விரல் வைக்க வேண்டும். உப்பு தின்ற விரலை மிஷின் ஏற்பதில்லை. கண்ணை வைத்துச் சரிபார்க்கலாம் என்றால் கண்ணில் புரை. மழைக்காலத்தில் உப்பு விளையாத மாதங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தர அரசு சில வருடங்களுக்கு முன்பு தொடங்கியது நல்ல காரியம். அதுவும் வேலை செய்கிறவர்களுக்கு. வேலையை விட்டவர்களின் உடம்பில் அந்த வேலை இன்னும் இருக்கிறது.

பனையேறிகளைப் பற்றி எழுதாமல் உடன்குடி கருப்பட்டியை எப்படிப் பேசுவது? நாற்பது வருடம் ஏறி இறங்கிய முழங்காலும் மார்பில் காய்த்த தழும்பும் உள்ளவர்கள் தேரிக்காட்டில் இருக்கிறார்கள். பனைத் தொழிலாளர் நல வாரியத்தில் வயது தாண்டுவதற்கு முன் பதிந்து புதுப்பித்துக்கொண்டே வந்திருந்தால் பென்ஷன். விட்டிருந்தால் மறுபடியும் அந்தக் கேள்விதான், பையன் இருக்கானா? இருப்பான், திருப்பூரில்.

அவ்வாவின் மொழி

மாவட்டத்தின் வடக்குப் பகுதி கரிசல். கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் வட்டாரங்களில் வீட்டுக்குள் தெலுங்கு பேசும் குடும்பங்கள் ஏராளம். நாயக்கர், ரெட்டியார் என்று நிலம் உள்ளவர்களும், நிலமே இல்லாத அருந்ததியர்களும் அதில் அடக்கம். இடைசெவல்காரர் கி. ராஜநாராயணன், வீட்டில் தெலுங்கு பேசிக் கரிசல் தமிழுக்கு அகராதி தொகுத்தவர். 98-ஆவது வயதில், 2021 மே மாதம் காலமானார்.

தமிழ் தெரியாத அவ்வா இங்கே யாரும் இல்லை. சந்தையிலும் பள்ளிக்கூடத்திலும் புழங்கிய தமிழ்தான். சிக்கல் மறதி நோயில் வருகிறது. பின்னாளில் கற்ற மொழி முதலில் நழுவி, தாய்மடியில் கேட்ட மொழி கடைசிவரை தங்குவதை இருமொழிக்காரர்களிடம் மருத்துவர்கள் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த டாக்டர் "பேர் என்னம்மா?" என்று கேட்டால் அவ்வா விழிப்பார். பேத்தி தெலுங்கில் கேட்டால் சொல்லிவிடுவார். அந்தப் பேத்தி கூட வராத நாளில் சீட்டில் என்ன எழுதப்படும்?

இங்கேதான் அரசு செய்த ஒரு புத்திசாலித்தனமான காரியத்தைச் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். (அன்றுதான் பனிமய மாதா திருவிழா நிறைவு. தூத்துக்குடிக்காரர்கள் அந்தத் தேதியை மறக்க மாட்டார்கள்.) பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வருகிற தன்னார்வலர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர் மகளிர் குழுப் பெண்கள். கரிசலில் அவ்வாவிடம் தெலுங்கில் பேசுகிறாள், காயல்பட்டினத்தில் முடுக்கு வழியாக உள்ளே போகிறாள், திரேஸ்புரத்தில் காதருகே குனிந்து சத்தமாகக் கேட்கிறாள். பண்பாட்டுப் பன்மை என்று யாரும் அவர்களுக்கு வகுப்பு எடுக்கவில்லை. ஊர்க்காரியை நியமித்ததாலேயே பாதி வேலை முடிந்தது. அவர்களுக்குக் கொடுக்கும் ஊக்கத்தொகைதான் வெட்கப்படும் அளவுக்குச் சிறியது.

எட்டயபுரத்தை அடுத்த தாப்பாத்தியில் வேறு ஒரு முதுமை. 1983-க்குப் பிறகு படகேறி வந்த இலங்கைத் தமிழர்கள். முப்பது வயதில் வந்தவர்கள் முகாமிலேயே கிழவர்களாகிவிட்டார்கள். 2021-ல் அகதிகள் முகாம் என்ற பெயர் மறுவாழ்வு முகாம் ஆனது, குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000 என்று பணக்கொடை உயர்ந்தது. 2019-ன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இவர்களுக்கு இடம் இல்லை. 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டார்கள், சில மாதங்களில் நின்றுவிட்டது. இந்தக் கிழவர்களிடம் பையன் இருக்கானா என்று கேட்டால் ஒருவன் இங்கே பெயின்ட் அடிக்கிறான், ஒருவன் கனடாவில், ஒருவன் எங்கே என்று தெரியாது என்பார்கள்.

கனடா என்றதும் ஒன்று. டொரொண்டோவின் ஸ்கார்பரோவில் 1994-ல் யீ ஹாங் என்ற முதியோர் மையம் திறந்தார்கள். சீன முதியவர்கள் பழகிய சாப்பாட்டையும் மொழியையும் வைத்துச் சீனச் சமூகமே முன்னின்று எழுப்பியது. அங்கே இது புலம்பெயர்ந்தவர்களின் பிரச்சினையாகப் பார்க்கப்படுவதால் பேசவும் பணம் திரட்டவும் ஆள் இருக்கிறது. நம் ஊரில் எல்லோரும் மண்ணின் மைந்தர்கள், எல்லோரும் தமிழ் பேசுகிறவர்கள், பிறகென்ன வேற்றுமை என்று விட்டுவிடுகிறோம். இந்தப் பக்கத்து முதியோர் இல்லங்கள் பலவும் கன்னியர்களும் திருச்சபைகளும் நடத்துபவை. அவர்கள் இல்லையென்றால் நாதி இல்லை, நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் மாலையில் ஜெபமாலை சொல்லும் கூடத்தில், திருநீறு பூசிய ஒரு தாத்தா எங்கே உட்காருவது என்று தயங்குவதும் உண்மை. அவரைப் போன்றவர்கள் பலர் திருச்செந்தூருக்குப் போய்விடுகிறார்கள். 2021 செப்டம்பரிலிருந்து அங்கே நாள் முழுவதும் அன்னதானம். கடற்கரை மண்டபம் படுக்கை, நாழிக்கிணறு குளியல், மூன்று வேளைச் சோறு. எந்தப் பதிவேட்டிலும் இல்லாத முதியோர் இல்லம் அது. அங்கே ஒரு மருத்துவரையும் ஆதார் மிஷினோடு ஓர் ஊழியரையும் வாரம் ஒருநாள் உட்காரவைத்தால் என்ன குறைந்துபோகும்?

95 சென்டிமீட்டர்

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஒரு வருட மழையைவிட அதிகம். தாமிரபரணி கரை தாண்டியது, குளங்கள் உடைந்தன. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. பக்கத்துப் புதுக்குடி கிராமத்தார் கோயிலில் சோறு பொங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மீட்புப் படகுகள் வந்து சேருவதற்கு முன்பு யார் வீட்டில் எழுந்திருக்க முடியாத கிழவி இருக்கிறாள், யாருக்கு இன்சுலின் வேண்டும் என்பது தெரிந்தவர்கள் தெருக்காரர்கள், ஜமாஅத், பங்குப் பேரவை, ஊர்த்தலைவர்கள். பிறகு ரேஷன் கடைகளில் 6,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தார்கள். கார்டே வெள்ளத்தில் போனவர்கள் அலைந்தார்கள்.

படுத்த படுக்கையாக இருப்பவர்களின் விவரம் மக்களைத் தேடி மருத்துவப் பெண்களிடம் இருக்கிறது. பென்ஷன் வாங்குவோர் பட்டியல் தனித் தாசில்தாரிடம். தனியாக இருப்பவர்கள் யார் என்பது கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தெரியும். ஒவ்வொரு வருடமும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு தாலுகா அலுவலகத்தில் முன்னேற்பாட்டுக் கூட்டம் நடக்கிறது. மணல் மூட்டை, ஜெனரேட்டர், படகு, பொக்லைன் எல்லாம் நிகழ்ச்சி நிரலில் இருக்கும். இந்த மூன்று பட்டியலையும் ஒரே மேசையில் விரித்துவைக்க அந்தக் கூட்டத்தில் அரைமணி நேரம் ஒதுக்கச் சொல்லி மாவட்ட ஆட்சியர் ஓர் உத்தரவு போட்டால் போதும், அதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் வேண்டியதில்லை.